மறதி நோய் உள்ள அம்மா, அப்பாவை வெளிநாட்டுக்கு அழைத்துப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா என்னும் மறதி நோய் இருப்பதாக லாசி-டாட் என்ற நாடு தழுவிய ஆய்வு கணித்திருக்கிறது. அவர்களில் எத்தனையோ பேரின் பிள்ளைகள் அமெரிக்காவிலும் கனடாவிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். "அம்மாவை ஒருமுறை கூட்டிட்டு வந்துடேன்" என்று அண்ணன் போனில் சொல்லும்போது ஊரில் இருக்கும் தங்கைக்கு மனதில் எழும் கேள்விகள் ஒன்றிரண்டல்ல. என் அம்மாவுடன் பயணம் செய்தபோது கற்றவற்றையும், இதே நிலையில் உள்ள மற்றக் குடும்பங்களோடு பேசித் தெரிந்துகொண்டவற்றையும் வைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன். மருத்துவம் சார்ந்த முடிவுகளை உங்கள் மருத்துவரைக் கேட்டே எடுங்கள்.

நோய் என்று தெரிந்த பிறகும் வெளிநாட்டுக்கு அழைத்துப் போகலாமா?

பலரை அழைத்துப் போகலாம், சிலரை அழைத்துப் போகவே கூடாது. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் இதற்கு விடை கிடைக்காது. இப்போது அவர் நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். சாப்பாடு, குளியல், கழிப்பறை எல்லாம் கொஞ்சம் துணையோடு நடக்கிறதா? புது ஆட்களைக் கண்டால் பதறுகிறாரா? சாயங்காலமானால் நிலைகொள்ளாமல் நடக்கிறாரா? தொடுபவர்களை அடிக்கிறாரா? இல்லாத ஆட்கள் இருப்பதாகச் சொல்கிறாரா? சமீபத்தில் கீழே விழுந்தாரா, ஆஸ்பத்திரியில் படுத்தாரா? கடைசி நான்கில் ஏதாவது ஒன்றுக்கு "ஆமாம்" என்றால், இப்போதைக்குப் பயணத்தைத் தள்ளிவைப்பதுதான் நல்லது.

முடிவு செய்ய முடியவில்லையா? ஒரு சின்ன ஒத்திகை பாருங்கள். சொந்தக்காரர் வீடு உள்ள வேறு ஊருக்கு ரயிலில் அழைத்துப் போய் இரண்டு ராத்திரி தங்குங்கள். திருச்சியில் இருக்கும் அத்தை வீட்டில் நடுராத்திரி எழுந்து கழிப்பறை எங்கே என்று தெரியாமல் அலறினால், நியூ ஜெர்சியில் என்ன ஆகும் என்பது புரிந்துவிடும். தூங்கினார், சாப்பிட்டார், "எப்ப வீட்டுக்குப் போறோம்" என்று கேட்டாலும் சமாதானமானார் என்றால் நம்பிக்கையோடு அடுத்த ஏற்பாட்டைத் தொடங்கலாம்.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. இந்தப் பயணம் யாருக்காக? பேரனைப் பார்க்க வேண்டும் என்று அம்மாவே ஏங்குகிறார், அல்லது ஏற்கெனவே பலமுறை போய்த் தங்கிப் பழகிய வீடு அது என்றால் ஒரு நியாயம் இருக்கிறது. "எல்லோரும் சேர்ந்து நயாகரா பார்க்கலாம்" என்பது நம் ஆசை. அதற்காக அவரைப் பதினெட்டு, இருபது மணி நேரம் அலைக்கழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகள் லீவு போட்டு இங்கே வந்தால், அவர் தன் வீட்டில், தன் நாற்காலியில் உட்கார்ந்தபடி எல்லோரையும் பார்ப்பார்.

மகளின் பிரசவத்துக்குத் துணையாக என்று மறதி ஆரம்பித்த அம்மாவை அழைப்பவர்களும் உண்டு. வந்து இருக்கட்டும், குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் பச்சைக் குழந்தையை அவர் பொறுப்பில் விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள், அடுப்படியையும் ஒப்படைக்காதீர்கள்.

மருத்துவரிடம் என்னென்ன கேட்டு வாங்க வேண்டும்?

மருத்துவமனையின் லெட்டர்ஹெட்டில், ஆங்கிலத்தில், ஒரே பக்கத்தில் ஒரு கடிதம். என்ன நோய், எந்த நிலை, வேறு என்ன நோய்கள், எந்த மருந்து எந்த அளவில், எதற்கு ஒவ்வாமை, துணையோடு விமானத்தில் செல்லத் தகுதியானவர் என்ற வரி. மருந்துகளை நம்மூர் பிராண்ட் பெயரில் மட்டும் எழுதினால் வெளிநாட்டில் யாருக்கும் புரியாது. மறதி நோய்க்குத் தரும் மருந்துகளை டோனெபெசில், மெமான்டின், ரிவாஸ்டிக்மின் என்று மூலப் பெயரில் (ஜெனரிக்) எழுதச் சொல்லுங்கள். நான்கைந்து நகல் எடுத்து, போனிலும் படமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு சிறுநீர், சோடியம், சர்க்கரை ஆகியவற்றுக்குச் சோதனை செய்யக் கேளுங்கள். சிறுநீர்த் தொற்றோ சோடியம் இறக்கமோ இருந்தால், நன்றாக இருப்பவர்கூட ஒரே நாளில் ஆளே மாறிப்போய்விடுவார். அது விமானத்தில் நடப்பதை விட இங்கேயே தெரிந்துவிடுவது நல்லது.

வீல்சேர் போட்டுத் தனியாக அனுப்பலாமா? இந்தப் பக்கம் நான் ஏற்றிவிடுகிறேன், அந்தப் பக்கம் அண்ணன் அழைத்துக்கொள்வார்.

வேண்டாம். ஆரம்ப நிலையில் இருந்தாலும் வேண்டாம். வீல்சேர் தள்ளும் ஊழியரின் வேலை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டு சேர்ப்பது. நடுவில் அரை மணி நேரம் ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டு அடுத்த பயணியை அழைத்துவரப் போவார். அந்த நேரத்தில் அம்மா எழுந்து நடந்தால் துபாயிலோ தோஹாவிலோ தேடிக் கண்டுபிடிப்பது எளிதல்ல. விமானத்துக்குள் பணிப்பெண்கள் ஊட்டிவிடவோ கழிப்பறைக்குள் வந்து உதவவோ மாட்டார்கள். அது அவர்கள் கடமையும் இல்லை.

வாட்ஸ்அப் குழுக்களில் "அதே ஃபிளைட்டில் போகிறவர்கள் யாராவது அம்மாவுக்குத் துணையாக இருக்க முடியுமா" என்று கேட்கும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. ஆங்கிலம் தெரியாத, ஆனால் தெளிவாக இருக்கும் பெற்றோருக்கு அது பெரிய உதவி. மறதி நோய் உள்ளவருக்கு அது சரிப்படாது. துணைக்கு வருபவர் முகம் அவருக்குப் பழகிய முகமாக இருக்க வேண்டும்.

அப்பாவுக்குத்தான் மறதி. அம்மா நன்றாக இருக்கிறார், அவரே கூடப் போகிறார். போதாதா?

இந்த ஏற்பாட்டில்தான் அதிகச் சிக்கல் வருவதைப் பார்க்கிறேன். அம்மாவுக்கும் எழுபது தாண்டியிருக்கும், முழங்கால் வலி இருக்கும். வீட்டில் அவர் அப்பாவின் மறதியை மூடி மறைத்துச் சமாளிப்பது பழகிப்போயிருக்கும், அதனால் நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று தூரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கே தெரிந்திருக்காது. ஆண்கள் கழிப்பறைக்குள் அம்மா போக முடியாது. அப்பா உள்ளே போய்விட்டு வேறு வாசல் வழியாக வெளியே வந்தால், கையில் மூன்று பையை வைத்துக்கொண்டு அம்மா எங்கே ஓடுவார்? ஒரு பிள்ளை டிக்கெட் போட்டு வந்து இருவரையும் அழைத்துப் போங்கள். செலவுதான். இந்தச் செலவில் கணக்குப் பார்க்காதீர்கள்.

பாஸ்போர்ட்டில் கையெழுத்துப் போட வரவில்லை. விசா நேர்காணலுக்கு என்ன செய்வது?

கையெழுத்து மறந்துபோனவர்கள் இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கைரேகை வைக்கலாம். ஆண்களுக்கு இடது கட்டைவிரல், பெண்களுக்கு வலது கட்டைவிரல். ஒரு நாள் கையெழுத்து, இன்னொரு நாள் கிறுக்கல் என்று இருப்பதைவிடக் கைரேகையே தொந்தரவில்லாதது.

அமெரிக்காவுக்கு 79 வயது தாண்டியவர்கள் நேர்காணல் இல்லாமல் விசா வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2025 செப்டம்பரிலிருந்து அந்தச் சலுகை பொதுவாக இல்லை. துணைக்கு ஒருவர் உள்ளே வரலாமா என்று தூதரகத்துக்கு முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு, மருத்துவர் கடிதத்தையும் இணைத்துவிடுங்கள். நோயை மறைத்துவிட்டு, கேள்விக்குப் பதில் சொல்ல அம்மாவுக்குப் பாடம் நடத்துவது வீண் வேலை. சொல்லிக் கொடுத்தது அவருக்கு நினைவிருக்காது, தப்பாகச் சொன்னால் பொய் என்று தோன்றும். நிலைமையைச் சொல்லுங்கள், மருத்துவச் செலவுக்கு என்ன ஏற்பாடு என்பதற்கு ஆவணம் காட்டுங்கள்.

கனடாவில் பெற்றோருக்கு சூப்பர் விசா இருக்கிறது. ஒருமுறை போனால் ஐந்து வருஷம் வரை தங்கலாம். அதற்கு மருத்துவப் பரிசோதனையும், குறைந்தது 1,00,000 கனடா டாலர் மதிப்புள்ள மருத்துவக் காப்பீடும் வேண்டும்.

இன்ஷூரன்ஸ் எடுத்தால் மறதி நோய்க்கும் சேர்த்துப் பாதுகாப்பு உண்டா?

பெரும்பாலும் கிடையாது. ஏற்கெனவே உள்ள நோய்க்கான செலவைப் பயணக் காப்பீடுகள் ஒதுக்கிவிடும், அல்லது உயிருக்கு ஆபத்தான அவசர நிலைக்கு மட்டும் ஒரு வரம்போடு கொடுக்கும். வயது கூடக்கூட அந்த வரம்பு சுருங்கும். ஆனால் கீழே விழுந்து இடுப்பு எலும்பு உடைவது, நிமோனியா வருவது போன்றவைதான் இந்த வயதில் பெரிய செலவு வைக்கின்றன. அதனால் காப்பீடு இல்லாமல் போகவே கூடாது. விண்ணப்பத்தில் டிமென்ஷியாவைக் கட்டாயம் எழுதுங்கள். மறைத்தது தெரிந்தால் எலும்பு முறிவுக்கான கிளெய்மைக்கூட நிராகரிக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும்.

பிரிட்டனில் எல்லாம் இலவசம் என்று ஓர் எண்ணம் இருக்கிறது. பார்வையாளராகப் போகிறவருக்கு அவசரப் பிரிவில் பார்ப்பது இலவசம், வார்டில் சேர்த்தால் அந்நாட்டு அரசு மருத்துவச் சேவையான என்.ஹெச்.எஸ். செலவில் ஒன்றரை மடங்கு கட்ட வேண்டும்.

எந்த விமானத்தைத் தேர்ந்தெடுப்பது?

விலையைப் பார்ப்பதற்கு முன் மணியைப் பாருங்கள். சென்னையிலிருந்து கிளம்பும் வெளிநாட்டு விமானங்களில் பல நடுராத்திரிக்கும் விடிகாலைக்கும் இடையில்தான். சாயங்காலமானாலே குழப்பம் கூடும் ஒருவரை ராத்திரி பதினோரு மணிக்கு வரிசையில் நிறுத்துவது அவருக்குக் கொடுமை. பகல் விமானம் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது எடுங்கள். சிங்கப்பூருக்கு நான்கு, நான்கரை மணி நேரம்தான், பகலிலேயே போய்விடலாம். லண்டனுக்குச் சென்னையிலிருந்து நேர் விமானம் உண்டு.

அமெரிக்காவுக்கு எப்படியும் மாற வேண்டும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் மாறுங்கள், நடுவில் மூன்று மணி நேரமாவது இருக்கட்டும். ஒன்றரை மணி நேர இடைவெளியில் ஓடும்போது நம் பதற்றம் அவரைத் தொற்றிக்கொள்ளும், அப்புறம் அவரை நகர்த்தவே முடியாது. முடிந்தால் இடையில் ஒரு ராத்திரி ஓட்டலில் தங்கலாம் என்று சிலர் சொல்வார்கள். இன்னொரு புது அறை, இன்னொரு புதுக் கழிப்பறை. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

விமான நிறுவனத்திடம் சொன்னால் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிடுவார்களோ?

இந்தப் பயத்தில் பலர் "கால் வலி, வீல்சேர் வேண்டும்" என்று மட்டும் சொல்லிவிடுகிறார்கள். சொல்லாமல் போய், ஏறும் வாசலில் அவர் கத்த ஆரம்பித்தால், அப்போதுதான் இறக்கிவிடும் ஆபத்து. முன்கூட்டியே சொன்னவர்களுக்கு ஊழியர்கள் பொறுமையாக உதவுவதைப் பார்த்திருக்கிறேன்.

குறைந்தது 48 மணி நேரம் முன்பு போனில் அழைத்து, டிக்கெட்டில் குறிப்புப் போடச் சொல்லுங்கள். வீல்சேருக்கு மூன்று குறியீடு உண்டு. படி ஏறக்கூடியவருக்கு டபிள்யூ.சி.ஹெச்.ஆர்., படி ஏற முடியாதவருக்கு டபிள்யூ.சி.ஹெச்.எஸ்., இருக்கை வரை தூக்க வேண்டியவருக்கு டபிள்யூ.சி.ஹெச்.சி. இவை தவிர, அறிவுத்திறன் சார்ந்த குறைபாட்டால் உதவி தேவைப்படும் பயணி என்பதற்கு டி.பி.என்.ஏ. என்ற குறியீடும் இருக்கிறது. அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள், போனை எடுப்பவருக்கே சில நேரம் தெரியாது. அருகருகே இருக்கை, கழிப்பறைக்குப் பக்கம், சைவச் சாப்பாடு எல்லாவற்றையும் அதே அழைப்பில் முடித்துவிடலாம்.

பச்சை நிறத்தில் மஞ்சள் சூரியகாந்திப் பூப் போட்ட கழுத்துப்பட்டை ஒன்று உண்டு. வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர் என்பதற்கு அடையாளம். 2016-இல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கியது, இப்போது பல நாடுகளில் ஏற்றுக்கொள்கிறார்கள். பெங்களூரு விமான நிலையத்திலும் இருக்கிறது.

பயணத்தைப் பற்றி அவரிடம் எப்போது சொல்வது?

முதல் நாள், அல்லது அன்று காலை. ஒரு மாதம் முன்பே சொன்னால் தினமும் பத்துமுறை "இன்னைக்கா?" என்று கேட்பார், ராத்திரி எழுந்து புடவைகளை மடித்து வைப்பார். பெட்டிகளை அவர் கண்ணில் படாத அறையில் அடுக்குங்கள். நகைகளைக் கழற்றி இங்கேயே பத்திரப்படுத்திவிடுங்கள். "என் வளையலைத் திருடிட்டாங்க" என்பது இந்த நோயில் அடிக்கடி வரும் சந்தேகம். மருமகள் வீட்டில் போய் அது தொடங்கினால் யாருக்கும் நிம்மதி இருக்காது. கழற்றினால் தவிப்பார் என்றால் தாலி மட்டும் இருக்கட்டும்.

விமான நிலையத்தில் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பாதுகாப்புச் சோதனைதான் முதல் கண்டம். நம் நாட்டில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வரிசை. அம்மாவோடு மகன் போனால் அங்கே இருவரும் பிரிகிறார்கள். அம்மா திரை மறைவில் முன்பின் தெரியாத ஒருவர் உடம்பைத் தடவுவதை உணர்கிறார், மகன் பார்வையில் இல்லை. கத்துவது இயல்புதானே? வரிசையில் நிற்கும்போதே மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை அதிகாரியிடம் மருத்துவர் கடிதத்தைக் காட்டி, முதலில் உங்களைச் சோதித்துவிட்டு அந்தப் பக்கம் நிற்க விடச் சொல்லுங்கள். அம்மா வெளியே வரும்போது முதலில் தெரிவது உங்கள் முகமாக இருக்கட்டும். "கோயில்ல சோதிக்கிற மாதிரிதாம்மா, ரெண்டு நிமிஷம்" என்று தெரிந்த ஒன்றைச் சொல்லிவையுங்கள். அமெரிக்காவிலிருந்து திரும்பும்போது, டி.எஸ்.ஏ. கேர்ஸ் என்ற உதவிச் சேவையைப் பயணத்துக்கு 72 மணி நேரம் முன்பு அழைத்தால் சோதனைச் சாவடியில் உதவி செய்வார்கள்.

வீல்சேர் ஊழியர் வேகமாகத் தள்ளிக்கொண்டு போவார், நீங்கள் பைகளோடு பின்தங்குவீர்கள். முதலிலேயே அவரிடம், "இவருக்கு மறதி நோய், நான் இல்லாமல் எங்கேயும் விட்டுவிடாதீர்கள்" என்று சொல்லிவிடுங்கள். உங்கள் கைப்பை தோளில் மாட்டுவதாக இருக்கட்டும், ஒரு கை எப்போதும் அவருக்காகக் காலியாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டை அவர் கையில் கொடுக்காதீர்கள்.

கழிப்பறை விஷயத்தில் கூச்சப்பட வேண்டாம். மாற்றுத்திறனாளிகளுக்கான தனிக் கழிப்பறை எல்லாப் பெரிய விமான நிலையங்களிலும் இருக்கும், மகனும் அம்மாவும் சேர்ந்தே உள்ளே போகலாம். விமானம் ஏறுமுன் கட்டாயம் ஒருமுறை. வீட்டில் தேவைப்படாதவருக்கும் அன்று பேன்ட் மாதிரி போடும் டயப்பர் போட்டுவிடுங்கள். ஆனால் அன்றுதான் முதல்முறையாகப் போடக் கூடாது, ஒரு வாரம் முன்பிருந்தே பழக்குங்கள். உடையும் அப்படித்தான். விமானக் கழிப்பறையில் புடவை சிரமம், சுடிதார் வசதி. வாழ்நாள் முழுக்கப் புடவை கட்டியவர் சுடிதாரில் தன்னையே அடையாளம் தெரியாமல் தவித்தால், மெல்லிய புடவையோடே போங்கள்.

கிளம்பும் முன் அன்றைய உடையில் போனில் ஒரு போட்டோ எடுங்கள். கையில் பெயரும் உங்கள் தொலைபேசி எண்ணும் எழுதிய பட்டை, சட்டைப்பையில் ஆங்கிலத்தில் ஒரு சீட்டு. பர்ஸிலோ இடுப்புப் பையிலோ, இருக்கும் இடத்தைப் போனில் காட்டும் ஏர்டேக் ஒன்று வைப்பதும் நல்லது.

ஒரு தூக்க மாத்திரை கொடுத்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கிவிடுவார் அல்லவா?

தயவுசெய்து நீங்களாகக் கொடுக்காதீர்கள். பயணத்துக்குக் கிளம்பும் குடும்பங்களுக்கு யாராவது ஒருவர் சொல்லும் யோசனை "ஒரு அவில் போட்டு விடு" என்பது. அவில் போன்ற, தூக்கம் வரவழைக்கும் அலர்ஜி மாத்திரைகள் மூளையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கின்றன. டோனெபெசில் கொடுப்பதே அதே வேதிப்பொருளைக் கூட்டுவதற்காக. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிறோம். குழப்பம் கூடும், வாய் உலரும், சிறுநீர் கட்டிக்கொள்ளும். அமெரிக்கக் கடைகளில் மருந்துச் சீட்டில்லாமல் கிடைக்கும் தூக்க மாத்திரைகள் பலவற்றில் இருப்பதும் இதே வகை மருந்துதான்.

அல்பிரசோலம், குளோனசிபாம் போன்ற பதற்றம் குறைக்கும் மாத்திரைகள் வேறு விதத்தில் ஆபத்து. சிலருக்கு அவை தூக்கத்துக்குப் பதிலாக வெறியைக் கிளப்பும். பாதி மயக்கத்தில் எழுந்து நடந்து விழுவார்கள். பதற்றம் அதிகம் என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் ஏதாவது எழுதிக் கொடுத்தால், பயணத்துக்குச் சில வாரம் முன்பு வீட்டிலேயே ஒருமுறை கொடுத்து எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

விமானத்துக்குள் அத்தனை மணி நேரம் எப்படிச் சமாளிப்பது?

அவர் ஜன்னல் பக்கம், நீங்கள் நடைவழிப் பக்கம். நீங்கள் கண்ணயர்ந்தாலும் உங்களைத் தாண்டாமல் அவர் போக முடியாது. இரண்டு பேர் துணைக்கு இருந்தால் முறை வைத்துத் தூங்குங்கள்.

விமானத்துக்குள் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்தில் இருப்பது போல இருக்கும், ஏறக்குறைய ஊட்டியில் இருப்பது போல. ஈரப்பதமோ மிகக் குறைவு. தாகம் எடுப்பதை அவர் சொல்ல மாட்டார். கழிப்பறைத் தொல்லைக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பதுதான் நாம் செய்யும் பெரிய தப்பு, அது மலச்சிக்கலிலும் சிறுநீர்த் தொற்றிலும் போய் முடியும். ஒரு மணிக்கு ஒருமுறை நான்கு வாய் கொடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, கேட்காவிட்டாலும், கழிப்பறைக்கு அழைத்துப் போங்கள். கதவை உள்ளே தாழ்ப்போட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் போனால் பயப்படாதீர்கள், வெளியிலிருந்து திறக்க வழி இருக்கிறது, பணியாளர்களுக்குத் தெரியும்.

சாப்பாட்டுக்கு, மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை மிஞ்ச எதுவும் இல்லை. சட்னி, தயிர், ஊறுகாய் எல்லாம் சோதனையில் மாட்டும், இட்லி மாட்டாது. டிரேயில் ஏழெட்டுக் கிண்ணம் மூடியோடு வந்தால் அவருக்கு எதை எடுப்பது என்று புரியாது. ஒவ்வொன்றாகத் திறந்து கையில் கொடுங்கள்.

நடுவழியில் "வீட்டுக்குப் போகணும், வண்டியை நிறுத்தச் சொல்லு" என்று எழுந்திருப்பார். "நாம விமானத்துல இருக்கோம்மா, நிறுத்த முடியாது" என்று விளக்கினால் பயம்தான் கூடும். "ஆமாம்மா, போய்க்கிட்டுதான் இருக்கோம், அண்ணன் வாசல்ல நிக்கிறான்" என்று சொல்லுங்கள். பொய் சொல்கிறோமே என்று வருந்த வேண்டாம். அவர் கேட்பது ஊரின் பெயரையோ நேரத்தையோ அல்ல, பயமில்லை என்ற உறுதியை. கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பிடித்த பழைய பாட்டுகளைப் போனில் இறக்கி வைத்திருங்கள், காதில் மாட்டுவது அவருக்குப் பிடிக்குமா என்பதையும் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். ஜெபமாலையோ, தஸ்பீஹோ, மடிக்கத் துண்டோ, கைக்கு ஒரு வேலை இருப்பது நல்லது.

இன்னொன்று. நாற்பது வருஷம் அலுவலகத்தில் ஆங்கிலத்தில் எழுதிப் பேசியவர்கூட, நோய் முற்றும்போது தாய்மொழிக்குத் திரும்பிவிடுவது உண்டு. பணிப்பெண் ஆங்கிலத்தில் கேட்டால் அவர் தலையாட்டுவார், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். குறுக்கே நின்று தமிழில் கேட்டுச் சொல்லுங்கள்.

மாத்திரைகளை எப்படி எடுத்துப் போவது?

எல்லாம் கைப்பையில், அட்டையோடு, மருந்துச் சீட்டோடு. திரவ மருந்துக்கு 100 மில்லி வரம்பு பொருந்தாது, ஆனால் எடுத்துக் காட்ட வேண்டும். தூக்கம், பதற்றம், கடும் வலி ஆகியவற்றுக்கான மருந்துகளுக்கு ஐக்கிய அரபு அமீரகம், சிங்கப்பூர் போன்ற நாடுகளில் முன் அனுமதி தேவைப்படலாம். அந்தந்த நாட்டு அரசின் இணையதளத்தில் மூலப் பெயரைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். அமெரிக்காவுக்கு 90 நாளுக்கு மேல் மருந்து கொண்டுபோவது சரியல்ல, மிச்ச நாளுக்கு அங்கே ஒரு மருத்துவரைப் பார்த்து எழுதி வாங்க ஏற்பாடு செய்யுங்கள்.

நேரம் மாறும்போது கடிகாரத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், கடைசி மாத்திரைக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். சர்க்கரை மாத்திரை, இன்சுலினுக்கு மட்டும் மருத்துவரிடம் அட்டவணை எழுதி வாங்குங்கள். ரிவாஸ்டிக்மின் பிளாஸ்டர் ஒட்டுகிறவர்கள், பழையதைப் பிரித்துவிட்டுத்தான் புதியதை ஒட்ட வேண்டும்.

போய்ச் சேர்ந்தபின் முதல் வாரம் எப்படி இருக்கும்?

கடினமாக இருக்கும். நியூயார்க் நேரத்துக்கும் நமக்கும் ஒன்பதரை முதல் பத்தரை மணி நேர வித்தியாசம், கலிஃபோர்னியாவுக்குப் பன்னிரண்டரை முதல் பதின்மூன்றரை. ராத்திரி இரண்டு மணிக்குக் காபி கேட்பார். பகலில் வெளிச்சத்தில் உட்கார வையுங்கள், முற்றத்தில் நடக்க வையுங்கள். அந்த வாரம் விருந்தாளிகள் யாரும் வேண்டாம். குளிர்காலத்தில் சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடும் ஊர்களில், இருட்டுவதற்கு முன்பே எல்லா விளக்கையும் போட்டுத் திரைகளை மூடிவிடுங்கள். கண்ணாடி ஜன்னலில் தெரியும் தன் உருவத்தையே "யாரோ நிக்கிறாங்க" என்று பயப்படுவார்கள்.

வீட்டை அவர் வருவதற்கு முன்பே தயார் செய்ய வேண்டும். குளியலறையில் ஒரு வாளியும் சொம்பும் வாங்கி வையுங்கள், ஒரு ஸ்டூலும். ஷவரின் ஒற்றைக் குழாயில் வெந்நீர் எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாது, சூடு பட்டுவிடும், அதனால் ஹீட்டரின் வெப்பத்தையே குறைத்துவைப்பது நல்லது. தொட்டிக்குள் காலைத் தூக்கிவைக்கும்போது விழுகிறவர்கள் அதிகம். பேஸ்மென்ட் படிக்கட்டுக் கதவும் கழிப்பறைக் கதவும் ஒரே மாதிரி இருக்கும், பேஸ்மென்ட்டைப் பூட்டிவிட்டு, கழிப்பறைக் கதவில் தமிழில் எழுதி ஒரு படமும் ஒட்டுங்கள். இரவில் கழிப்பறை விளக்கு எரியட்டும். ஊரிலிருந்து அவருடைய போர்வை, தலையணை உறை, சாமி படம், காபி டம்ளர் ஆகியவற்றைக் கொண்டுபோவதில் பெட்டி எடையைப் பார்க்காதீர்கள்.

வீட்டை விட்டு வெளியே போய்விட்டால்?

உடனே அவசர எண்ணை அழையுங்கள். அமெரிக்கா, கனடாவில் 911. பிரிட்டன், சிங்கப்பூர், அமீரகத்தில் போலீசுக்கு 999. இத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. மறதி நோய், தமிழ் மட்டும்தான் பேசுவார், என்ன உடை என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். பனிக்காலத்தில் நைட்டியோடு வெளியே போனவருக்கு ஒவ்வொரு நிமிஷமும் உயிர்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியது: வாசல் கதவில் திறந்தால் ஒலிக்கும் மணி ஒன்று, பக்கத்து வீடுகளுக்கு நேரில் போய் அம்மாவை அறிமுகப்படுத்துவது. தெரியாத வீட்டுக் கதவை அவர் தட்டினால் அவர்கள் மிரளக் கூடாது. பிரிட்டனில் ஹெர்பர்ட் புரோட்டோக்கால் என்று ஒரு படிவம் உண்டு. தொலைந்துபோகக்கூடியவரின் விவரங்களையும் படத்தையும் முன்கூட்டியே நிரப்பி வைத்திருந்தால், தேட வேண்டி வரும்போது போலீசிடம் உடனே கொடுக்கலாம். சிங்கப்பூரில் மறதி நோயாளிகள் வழி தவறினால் கொண்டுவிடுவதற்கென்றே குடியிருப்புப் பகுதிகளில் உதவி மையங்கள் இருக்கின்றன.

திடீரென்று குழப்பம் பல மடங்கு ஆகிவிட்டது. நோய் முற்றிவிட்டதா?

மறதி நோய் மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் நகரும். நேற்று வரை பேசியவர் இன்று முகம் தெரியாமல் இருக்கிறார், அல்லது எழுப்பினாலும் சொருகிச் சொருகித் தூங்குகிறார் என்றால் அது வேறு. டெலிரியம் என்பார்கள். சிறுநீர்த் தொற்று, தண்ணீர் குறைவு, மலச்சிக்கல், சோடியம் இறங்குவது, சர்க்கரை இறங்குவது, புது மாத்திரை ஆகியவை வழக்கமான காரணங்கள். பெரும்பாலும் சரிசெய்யக் கூடியவை, ஆனால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். "ஜெட்லாக்தான், சரியாயிடும்" என்று நாட்களைக் கடத்தாதீர்கள். முகம் கோணுவது, பேச்சுக் குளறுவது, ஒரு பக்கம் கை கால் தளர்வது இருந்தால் ஆம்புலன்ஸ்தான்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு அல்சைமர்ஸ் அசோசியேஷனின் உதவி எண் 800-272-3900 இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு அமைப்பின் டெம்கேர்ஸ் பிரிவும், மறதி நோயாளிகளுக்கான ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. அமைப்பும் குடும்பத்தினருக்கு வழிகாட்டுகின்றன.

ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாமா?

பிள்ளைகளுக்குள் பொறுப்பைச் சமமாகப் பிரிப்பதற்கு இது நியாயமாகத் தோன்றும். அம்மாவுக்கு இது நியாயமில்லை. ஒரு வீட்டின் கழிப்பறை எங்கே, ஸ்விட்ச் எங்கே, எந்த முகம் எந்த நேரத்தில் வரும் என்று உடம்பு பழகுவதற்குள் பெட்டி கட்டிவிடுகிறோம். ஒவ்வொரு மாற்றத்திலும் அவர் இழப்பது திரும்ப வருவதில்லை. ஓரிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். யார் வீட்டில் அவர் நன்றாகத் தூங்குகிறாரோ, சாப்பிடுகிறாரோ, அந்த வீடு. மற்றவர்கள் பணமாகவும், லீவு போட்டு வந்து மாதக்கணக்கில் உடனிருந்தும் பங்கெடுக்கட்டும். ஊரில் பார்த்துக்கொள்ள யாருமே இல்லை, அதனால்தான் அழைத்துப் போகிறோம் என்றால், அது சுற்றுலா அல்ல, குடிமாற்றம். நீண்ட கால விசா, காப்பீடு, பகலில் வீட்டில் யார் இருப்பார் என்ற மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகு டிக்கெட் போடுங்கள்.

அங்கே இருக்கும்போது பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டி வந்தால்?

மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் கொடுக்க வேண்டும், 80 வயது தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். உயிர்வாழ் சான்றுக்கான அரசின் ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டிப் பதியலாம், அல்லது இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பலாம். முகத்தைக் காட்டி, கண் சிமிட்டச் சொல்லும் செயலிகளில் அவருக்குப் பொறுமை இருக்காது. காலையில், சாப்பிட்டு முடித்துத் தெளிவாக இருக்கும் நேரத்தில் செய்யுங்கள்.

திரும்பி வரும் டிக்கெட்டை எப்படிப் போடுவது?

தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக. மூன்று மாதம் என்று போனவர் மூன்றாவது வாரமே சாப்பிடாமல், தூங்காமல் தவித்தால் உடனே அழைத்து வந்துவிட வேண்டும். அப்போது "இவ்வளவு செலவு பண்ணிட்டோமே" என்று யோசிக்கக் கூடாது. திரும்பும்போதும் அதே துணை, அதே 48 மணி நேர அழைப்பு, அதே கடிதம், ஆனால் புதுத் தேதியில் அங்குள்ள மருத்துவர் எழுதியது. ஊரில் வீட்டைத் திறந்து, தண்ணீர் ஏற்றி, அவர் கட்டிலைப் பழைய இடத்திலேயே போட்டு வைக்க ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். வீட்டைப் பெயின்ட் அடித்துப் புதிதாக்கி ஆச்சரியப்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.